கோச் வைத்தால் டீம் லீடுகளின் சோர்வு தீருமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். சென்னையில் 350 பேர் வேலை செய்யும் மென்பொருள் சேவை நிறுவனம், ஹெச்.ஆர். பொறுப்பு உங்களுடையது. ஒரே வருடத்தில் டீம் லீட் நிலையில் 9 பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பவர்களும் வாடிப் போயிருக்கிறார்கள். எம்.டி. ஏதோ மாநாட்டுக்குப் போய்வந்து, "நம்ம ஆட்களுக்கும் கோச் வைப்போம்" என்கிறார். செலவுக்குப் பலன் இருக்குமா, இருந்தால் எப்படிப்பட்ட ஆளை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கிளையன்ட் கால் ராத்திரி பதினொன்றரை வரைக்கும் போகுது, அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க." எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. ஆளைச் சரி செய்வதா, வேலையைச் சரி செய்வதா என்பது உங்களுக்கே உறுத்தியிருக்கிறது, அதை எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சரிதானே?

நான் 11 வருடம் ஹெச்.ஆரில் இருந்துவிட்டு, முறையாகக் கோச்சிங் படித்து, 12 வருடமாக அதையே தொழிலாகச் செய்கிறேன். சென்னை, கோவை, ஓசூர் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களும் வாகன உதிரிபாக நிறுவனங்களும்தான் பெரும்பாலும். நான் மருத்துவர் இல்லை, உளவியலாளரும் இல்லை. தவிர, கோச்சிங் விற்றுப் பிழைக்கிறவர் கோச்சிங்கைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். கழித்தே படியுங்கள்.

தமிழ்நாட்டில் கோச்சிங் என்றதும் நீட் கோச்சிங் சென்டரும் கிரிக்கெட் கோச்சும்தான் நினைவுக்கு வரும். இரண்டிலும் தெரிந்தவர் சொல்வார், தெரியாதவர் கேட்டுக்கொள்வார். அலுவலகக் கோச்சிங்கில் கோச்சுக்கு உங்கள் வேலை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் கேள்வி கேட்பார். எதிரில் இருப்பவர் பேசப் பேசத் தன் சிக்கலைத் தானே பிரித்துப் பார்ப்பார். அடுத்த செஷனுக்குள் செய்ய ஒன்றிரண்டு காரியத்தை முடிவு செய்துகொண்டு போவார், திரும்பி வந்து என்ன ஆனது என்று சொல்வார். கவுன்சலிங் வேறு, அது மனவேதனைக்கான உதவி. மென்டரிங் வேறு, அது அதே பாதையில் முன்னால் போனவர் அனுபவம் சொல்வது. மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச் என்று போர்டு மாட்ட நம் நாட்டில் எந்தச் சட்டமும் எதையும் கேட்பதில்லை, நாளைக் காலையில் நீங்களே மாட்டிக்கொள்ளலாம். 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பு தரும் சான்றிதழ்கள் இருக்கின்றன. அதன் முதல் நிலையான ஏ.சி.சி.க்கு 60 மணி நேரப் படிப்பும் 100 மணி நேரக் கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலையான பி.சி.சி.க்கு 125 மணி நேரமும் 500 மணி நேரமும். சான்றிதழ் இருப்பதால் ஒருவர் கெட்டிக்காரர் ஆகிவிட மாட்டார், ஆனால் இத்தனை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர் என்பதாவது தெரியும்.

இப்போது பலன் விஷயம். எனக்குப் பிடித்த ஓர் ஆய்வைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் டீம் லீடுகளைப் போலவே நேரமே இல்லாத ஆட்களை வைத்துச் செய்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் 88 மருத்துவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வெளியிலிருந்து வந்த தொழில்முறைக் கோச்சுகளுடன் போனில் 6 செஷன். முதலாவது ஒரு மணி நேரம், மற்றவை அரை மணி நேரம், ஆக மொத்தம் மூன்றரை மணி நேரம்தான். மறுபாதிக்கு அப்போதைக்கு ஒன்றுமில்லை. 5 மாதம் கழித்துப் பார்த்தபோது, கோச்சிங் பெற்றவர்களில் கடுமையான உணர்வுச் சோர்வு உள்ளவர்களின் பங்கு 19.5 சதவீதப் புள்ளிகள் குறைந்திருந்தது. பெறாதவர்களில் அது 9.8 புள்ளிகள் கூடியிருந்தது. 2019-இல் வெளியான முடிவு இது. ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, கோச்சிங் விற்கிறவர்கள் அதைச் சொல்வதில்லை. வேலையில் திருப்தி, வேலையில் ஈடுபாடு இவற்றில் இரண்டு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதாவது ஆள் கொஞ்சம் மூச்சு விட்டார். வேலை அவருக்கு இனிக்கத் தொடங்கிவிடவில்லை. உங்கள் எம்.டி. எதிர்பார்ப்பது இரண்டாவதை என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் இதே திசையைத்தான் காட்டுகிறார்கள். 2014-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில் நலவாழ்வின் மீது கோச்சிங்கின் விளைவு 0.46 என்று வந்தது. சாதாரண மொழியில், கோச்சிங் பெற்ற சராசரி ஆள் ஒருவர், பெறாத 100 பேரில் சுமார் 68 பேரைவிட மேலே நிற்பார். மோசமில்லை, மந்திரமும் இல்லை. 2016-இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு எனக்கே கொஞ்சம் கசந்தது: என்னைப் போல வெளியிலிருந்து வருகிற கோச்சைவிட நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும் கோச்சுக்குப் பலன் கூடுதலாகத் தெரிந்தது. செஷன் எண்ணிக்கையைக் கூட்டியதால் பலன் கூடவில்லை. நேரிலா, நேரும் ஆன்லைனும் கலந்தா என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே வருட ஒப்பந்தம், இருபது செஷன் என்று யாராவது வந்தால் நிறுத்தி யோசியுங்கள்.

உறுதி இவ்வளவுதான். சந்தேகத்துக்கு உரியதும் நிறைய. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, மேற்கு நாட்டவை, 'எப்படி இருக்கிறீர்கள்' என்று ஆளையே கேட்டு எழுதியவை. பணம் கட்டி ஒருவரை உட்காரவைத்துக் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது மனித இயல்பு. இன்னொரு பக்கம், 2024-இல் பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 பேரின் பதில்களை வைத்து வெளியான ஆய்வு, மன அழுத்தப் பயிற்சி, தியானம், நலவாழ்வு ஆப் போன்ற தனிமனிதத் திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட நன்றாக இல்லை என்று சொன்னது. குலுக்கல் முறைச் சோதனை இல்லை என்பதால் அதையும் அப்படியே விழுங்கக் கூடாது. ஆனாலும் ஓர் ஆப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு நலத்திட்டம் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதைப் படிக்க வேண்டும்.

இதில் ஒரு பழைய கதை இருக்கிறது. சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலை, நிர்வாகவியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்த ஆய்வைத்தான் பாடத்தில் சொல்வார்கள். அதற்குப் பிறகு 1936-இல் அங்கே தொழிலாளர்களிடம் பேச்சுக் கொடுத்து மனக்குறை கேட்பதற்கென்றே ஆட்களை அமர்த்தி ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது சுமார் 20 வருடம் நடந்தது. கேட்பதுதான் அவர்கள் வேலை. கேட்டதை வைத்து எதையும் மாற்றும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பேசினால் பாரம் குறையும், குறைந்தவர் மறுபடி வேலைக்குப் போவார் என்பதுதான் கணக்கு. இன்றைக்குச் சில நிறுவனங்களில் கோச்சை அழைக்கும்போது எனக்கு அந்தத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். குக்கருக்கு விசில் மாதிரி நம்மை மாட்டுகிறார்கள், அடுப்பைக் குறைக்க யாருக்கும் மனசில்லை.

உங்கள் அடுப்பைப் பார்ப்போம். கிளையன்ட் கலிபோர்னியா என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 9.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அதுவே 10.30 ஆகிவிடும். உங்கள் டீம் லீடின் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தை அங்கே யாரோ ஒருவர் கடிகாரத்தில் எடுத்துக்கொள்கிறார், மார்ச்சில்தான் திருப்பிக் கொடுப்பார். காலை 10 மணிக்கு சோழிங்கநல்லூரில் நாற்காலியில் உட்கார்ந்தவர் இரவு பதினொன்றரைக்கு வீட்டு டைனிங் டேபிளில் லேப்டாப்பை மூடுகிறார். பஸ், சாப்பாடு, குழந்தைக்கு வீட்டுப்பாடம் என்று தினம் இரண்டரை மணி நேரம் கழித்தாலும் வாரத்துக்கு 55 மணி நேரம். உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் கணக்கை எந்தக் கேள்வி கேட்டும் எந்தக் கோச்சும் மாற்ற முடியாது.

அப்படியானால் கோச் எதற்கு? கையில் கொஞ்சமாவது இடம் இருக்கிறவருக்கு. என்னிடம் வந்த ஒருவர், அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன், டைம் மேனேஜ்மென்ட் கற்றுக்கொள்ள வந்தார். அவருக்குக் கீழே எட்டுப் பேர். ஒரு வாரம் இரவு வேலைகளை எழுதிவரச் சொன்னேன். எழுதிப் பார்த்ததில், ஜூனியர்கள் அரைகுறையாக முடித்த வேலையை இரவில் உட்கார்ந்து இவரே திருத்திக்கொண்டிருந்தது தெரிந்தது. ஏன் திருப்பி அனுப்பவில்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "போன வருஷம் வரைக்கும் அவங்களோடதான் டீ குடிச்சேன். இப்ப போய் நான் பாஸுன்னு நிக்க முடியல" என்றார். பிரச்சினை நேரத்தில் இல்லை, நட்பில் இருந்தது. வேலையைத் திருப்பி அனுப்பும்போது என்ன வார்த்தை சொல்வது என்று இரண்டு செஷன் அதையேதான் பேசினோம். நான்கு மாதத்தில் அவர் இரவு வேலை பாதியாகக் குறைந்தது. ஒருவர் மட்டும் அவரோடு டீ குடிக்க வருவதை நிறுத்திவிட்டார், அதையும் சொன்னார்.

அதே நிறுவனத்தில் இன்னொருவர். மூன்று செஷன் பேசிய பிறகு எனக்கே தெரிந்துவிட்டது, அவருக்கு வேண்டியது கோச் இல்லை, மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற இரண்டு டெஸ்டர். அவர் ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று பேர் செய்ய வேண்டியதை ஒருவராகச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவே. அவர் சம்மதத்தோடு, அவரும் நானுமாக மேனேஜரைப் பார்த்து அதைச் சொன்னோம். ஒரு டெஸ்டர் கிடைத்தார். மிச்ச செஷன்களுக்கு நான் பணம் வாங்கவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, வாங்கினால் அந்தச் சுமை அவருடைய குறைதான் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நம் ஊரில் இதைச் செய்யும்போது ஆங்கிலப் பாடப்புத்தகங்கள் சொல்லித்தராத சில விஷயங்கள் உண்டு. நம் ஆட்கள் 'பர்ன் அவுட்' என்று வந்து நிற்க மாட்டார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இலேயே அதை நோயாக வகைப்படுத்தாமல், வேலை சார்ந்த நிலை என்று தன் பட்டியலில் சேர்த்து, சக்தி வற்றிப்போதல், வேலையோடு ஒட்டாமல் போதல், எதையும் சாதிக்கவில்லை என்ற உணர்வு என்று மூன்று அடையாளம் சொல்லியிருக்கிறது. அதே மூன்றும் இங்கே 'தலை பாரமா இருக்கு', 'எதுலயும் மனசு ஓடல', 'வீட்டுல சும்மா சும்மா எரிஞ்சு விழறேன்' என்று வரும். கோச் ஆங்கிலத்தில் மட்டும் செஷன் நடத்தினால் இதில் பாதி வெளியே வராது. டெலிவரி, டெட்லைன், எஸ்கலேஷன் வரைக்கும் ஆங்கிலம் ஓடும். அம்மாவுக்கு டயாலிசிஸ் என்பதைத் தமிழில்தான் சொல்வார்கள். உங்கள் கோச் தமிழ், தேவைப்பட்டால் தெலுங்கு, இந்தி என்று ஆளுக்கு ஏற்றபடி பேசுவாரா என்று பாருங்கள்.

இன்னொன்று, முதல் செஷனில் கிட்டத்தட்ட எல்லோரும் "நீங்களே சொல்லுங்க சார், மேடம், என்ன பண்ணலாம்?" என்பார்கள். பதில் தெரிந்தவர் முன்னால் வாய் திறக்காமல் உட்காரத்தான் பள்ளிக்கூடம் நமக்குப் பழக்கியிருக்கிறது. அந்த மௌனத்தைக் கண்டு பயந்து அறிவுரை சொல்லத் தொடங்குகிற கோச், இரண்டாவது செஷனிலேயே இன்னொரு மேனேஜர் ஆகிவிடுவார். கோச்சிங்குக்கு ஒருவர் பெயர் வந்ததும் அலுவலகம் முழுக்க வேறு அர்த்தம் பரவும்: 'அவனைக் கழட்டிவிடப் போறாங்க போல.' இதற்கு ஒரே மருந்து, முதல் சுற்றில் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பேர் தாங்களாகவே வந்து சேருவது. எம்.டி.யே ஒரு கோச்சிடம் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலும் உட்கார மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட ரகசியம்தான் இதில் கழுத்துக்கு மேலே தொங்குகிற கத்தி. பணம் கொடுப்பது நிறுவனம், மனசைத் திறப்பது ஊழியர். நான் இதில் ஒருமுறை பெரிய தப்புச் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம், ஒரு நிறுவனத்தில் ஆறு பேருக்குக் கோச்சிங் செய்தேன். பெயர் போடாமல் பொதுவான கருத்துகளாக ஓர் அறிக்கை கேட்டார்கள், கொடுத்தேன். அதில் 'வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி' என்று ஒரு வரி. ஆறு பேரில் அது யார் என்று கண்டுபிடிக்க அவர்களுடைய மேனேஜருக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. அடுத்த அப்ரைசலில் 'இப்போதைக்குப் பெரிய பொறுப்பு வேண்டாம்' என்று அந்த ஆளை ஓரம் கட்டினார்கள். அவர் எனக்குப் போன் செய்து திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்றிலிருந்து பத்துப் பேருக்குக் குறைவான குழுவுக்கு எந்த அறிக்கையும் எழுதுவதில்லை.

ஆகவே ஒப்பந்தத்தில் இதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். கோச்சிடமிருந்து உங்களுக்கு வருவது, எத்தனை செஷன் நடந்தது என்ற எண் மட்டும். யார் வந்தார், வரவில்லை என்பதுகூட வேண்டாம். இலக்கு என்ன என்பதைச் சம்பந்தப்பட்டவரே தன் மேனேஜரிடம் சொன்னால் சொல்லட்டும். அப்ரைசலுக்கும் இதற்கும் எந்த ஒட்டும் உறவும் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ரகசியத்தை உடைப்பேன் என்று கோச் முதல் செஷனிலேயே ஊழியரிடம் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்துக்குள்ளே கண்ணாடி அறையில் செஷன் வைக்காதீர்கள், இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதே வேடிக்கை.

எந்த இடத்தில் கோச் நிறுத்த வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், காரணமில்லாமல் அழுகை வந்தால், நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், குடி கூடியிருந்தால், 'நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி' என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதற்கு மேல் அது மனநல மருத்துவரின் வேலை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 2022 அக்டோபரில் தொடங்கியது, இலவசம், தமிழிலும் பேசலாம். சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக 1986 முதல் இயங்கும் சிநேகா என்ற தொண்டு அமைப்பு இருக்கிறது. இந்த விவரங்களைக் கோச் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள், அதற்கு எந்த பட்ஜெட்டும் வேண்டாம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் எம்.டி.யிடம் இப்படிப் போவேன். முதல் மாதம் கோச் வேண்டாம். டீம் லீடுகளின் காலெண்டரை எடுத்து, இரவு 9 மணிக்குப் பிறகான கால்களை எண்ணுங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் வெறுமனே உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் 'ஒருவேளை கேள்வி வந்தால்' என்றுதான் இருப்பார்கள். முறை வைத்து, வாரத்தில் இரண்டு இரவு மட்டும் ஒருவர் என்று மாற்ற முடியுமா என்று கிளையன்ட்டிடம் கேளுங்கள். இரவு கால் இருந்த மறுநாள் காலை 11 மணிக்கு முன் எந்த மீட்டிங்கும் இல்லை என்று ஓர் உத்தரவு போடுங்கள். இரண்டாவது, டீம் லீடுகளுக்கு மேலே இருக்கும் டெலிவரி மேனேஜர்களுக்குப் பயிற்சி. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டுதல்களில் அழுத்தமாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று: கீழே இருப்பவரின் மனநலத்துக்குத் துணை நிற்க மேலாளர்களைப் பழக்குவது. கோச்சிங் அதற்குப் பிறகு, தாங்களாக முன்வரும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு, ஆளுக்கு 6 செஷன். இன்னும் பத்துப் பேரைக் காத்திருக்க வைத்து, இரண்டு குழுவிடமும் தொடங்கும்போதும் 5 மாதம் கழித்தும் ஒரே பத்துக் கேள்விகளைப் பெயரில்லாமல் கேளுங்கள். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் எதையும் நிரூபிக்க முடியாது, ஆனால் செஷன் முடிந்ததும் வாங்குகிற 'ரொம்ப நல்லா இருந்தது' படிவத்தைவிட நூறு மடங்கு மேல்.

கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க ஒரு கேள்வி: கடந்த ஒரு வருடத்தில் 'இது என் வேலை இல்லை' என்று எத்தனை பேரை மருத்துவரிடமோ மேனேஜரிடமோ அனுப்பினீர்கள்? ஒருவரையும் அனுப்பவில்லை என்றால் அடுத்த ஆளைப் பாருங்கள். ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும் பெயர்களை அழித்துவிட்டு இங்கேயே போடுங்கள், ரகசியம் பற்றிய பகுதியை நான் படித்துச் சொல்கிறேன். கட்டணம் நியாயமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அதில் எனக்கு நடுநிலை கிடையாது.